தேம்ஸில் எறியப்பட்ட எழுத்து: டவ்ஸ் அச்சகமும் அதன் ஒரே எழுத்துருவும்

2014 நவம்பரில் லண்டன் தேம்ஸ் ஆற்றின் அடியிலிருந்து சுமார் 150 ஈயத் துண்டுகளை முக்குளிப்போர் எடுத்தார்கள். நூறாண்டுகளாகத் தொலைந்துபோயிருந்த டவ்ஸ் எழுத்துரு மீண்டும் கிடைத்துவிட்டது என்று செய்தி பரவியது. அந்தக் கதை இன்றும் அவ்வப்போது சுற்றுக்கு வருகிறது. கூடவே சில குழப்பங்களும் வருகின்றன. ஓர் எழுத்துருவை எப்படி ஆற்றில் எறிய முடியும்? அதில் அச்சிட்ட புத்தகங்கள் இருக்கும்போது அது எப்படித் தொலைந்ததாகும்? இன்று கணினியில் கிடைக்கும் டவ்ஸ் எழுத்துரு அந்தத் துண்டுகளிலிருந்து வந்ததா?

ஒரு கேள்விக்கும் ஒற்றைச் சொல்லில் பதில் இல்லை. உலோக எழுத்து எப்படி உருவாகிறது என்று தெரிந்தால் மூன்றும் ஒன்றாகவே விளங்கிவிடும்.

## பஞ்ச், மேட்ரிக்ஸ், டைப்

உலோக அச்சில் எழுத்துரு என்பது ஒரே பொருள் அல்ல. ஒன்றிலிருந்து ஒன்று பிறக்கும் மூன்று பொருள்கள்.

1. பஞ்ச். மென்பதத்தில் உள்ள எஃகுத் தண்டின் முனையில் எழுத்தை இடவலம் மாற்றிப் புடைப்பாக வெட்டுவார்கள். ஆங்கில ‘ஓ’வின் நடுவெளி போன்ற உட்புறங்களைச் செதுக்குளியால் அகழ்வார்கள், அல்லது இன்னொரு எஃகு முனையை அடித்துப் பள்ளமாக்குவார்கள். வெட்டுபவர் அவ்வப்போது முனையைச் சுடரில் காட்டி, படிந்த கரியைத் தாளில் ஒற்றிப் பார்ப்பார். வடிவம் சரியானதும் பழுக்கக் காய்ச்சி, தோய்த்து, கடினமாக்குவார். கூடுதலாக ஒரு மயிரிழை வெட்டிவிட்டால் அதை ஒட்டவைக்க வழியில்லை; முனையைத் தேய்த்துவிட்டு மறுபடி தொடங்க வேண்டியதுதான். ஓர் எழுத்துக்கு ஒரு பஞ்ச். வடிவமைப்பு என்று எதைச் சொல்கிறோமோ அது இங்கேதான் இருக்கிறது.

2. மேட்ரிக்ஸ். கடினமான பஞ்சைச் செப்புக் கட்டியில் அறைந்தால் எழுத்து பள்ளமாகப் பதியும். அடிபட்ட செம்பு பக்கங்களில் பிதுங்கும். பள்ளத்தின் ஆழமும் எழுத்துக்கு எழுத்து மாறும். எல்லா மேட்ரிக்ஸிலும் ஒரே ஆழம், ஒரே அடிக்கோடு, முறையான பக்க இடைவெளி அமையும்வரை அரத்தால் தேய்த்துச் சமன் செய்வார்கள். இதில் பிசகினால் எழுத்துகள் வரியில் ஏறி இறங்கி நிற்கும், அல்லது சொல்லுக்குள்ளேயே சந்து விழும்.

3. டைப். மேட்ரிக்ஸை வார்ப்புக் கருவியில் பொருத்தி உருக்கிய கலவையை ஊற்றினால் டைப் கிடைக்கும். கலவை ஈயம், ஆன்டிமனி, வெள்ளீயம் மூன்றும் சேர்ந்தது. வெறும் ஈயம் மிருது, அழுத்தம் தாங்காது. ஆன்டிமனி கடினம் தருகிறது, உறையும்போது ஏற்படும் சுருக்கத்தையும் குறைக்கிறது; அதனால்தான் மெல்லிய கோடுகள் மழுங்காமல் வருகின்றன. ஆங்கிலேய அச்சுக்கூடங்களில் டைப்பின் உயரம் 0.918 அங்குலம், அதாவது சுமார் 23.3 மில்லிமீட்டர்.

ஒரு பஞ்ச் பல மேட்ரிக்ஸ்களைத் தரும். ஒரு மேட்ரிக்ஸ் ஆயிரக்கணக்கான டைப்களைத் தரும். டைப் தேயும், விளிம்பு உடையும், கீழே விழுந்தால் நசுங்கும். மேட்ரிக்ஸ் இருக்கும்வரை அது வெறும் செலவுக் கணக்கு, மறுபடி வார்த்துக்கொள்ளலாம். மேட்ரிக்ஸ் போனால் பஞ்சை மறுபடி அறையலாம். இரண்டும் போய்விட்டால் கேஸில், அதாவது டைப் அடுக்கும் பெட்டியில், கிடக்கும் டைப் தேயும்வரைதான் அந்த எழுத்துருவுக்கு ஆயுள். கிட்டத்தட்ட. அந்தக் ‘கிட்டத்தட்ட’வுக்குள் ஒரு சந்து உண்டு, பின்னால் அது முக்கியமாகிறது.

## ஹேமர்ஸ்மித் கூட்டணி

லண்டனின் மேற்கே, தேம்ஸ் கரையில் ஹேமர்ஸ்மித். அங்கே வாழ்ந்த அச்சு வல்லுநர் எமரி வாக்கர் 1888 நவம்பர் 15 அன்று லண்டனில் அச்சுக்கலை பற்றி ஓர் உரை நிகழ்த்தினார். 15ஆம் நூற்றாண்டு நூல்களின் எழுத்துகளைப் படம்பிடித்து, திரையில் பெரிதாக்கிக் காட்டினார். அதைப் பார்த்த கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மாரிஸ் சொந்தமாக எழுத்துரு வெட்டத் தீர்மானித்து 1891இல் கெல்ம்ஸ்காட் அச்சகத்தைத் தொடங்கினார். மாரிஸ் 1896இல் இறந்தார். 1898இல் அச்சகமும் மூடப்பட்டது.

அதே வட்டாரத்தில் டி. ஜே. கோப்டன்-சாண்டர்சன் இருந்தார். வழக்கறிஞர் தொழிலை விட்டுப் புத்தகம் கட்டும் கலைக்கு வந்தவர். 1893இல் தொடங்கிய தன் நூற்கட்டுப் பட்டறைக்குப் பக்கத்து மதுக்கடையான ‘டவ்’வின் பெயரைத் தழுவி டவ்ஸ் என்று பெயரிட்டார். 1900இல் வாக்கரோடு சேர்ந்து ஹேமர்ஸ்மித் டெரஸ் முதலாம் எண் வீட்டில் டவ்ஸ் அச்சகத்தைத் திறந்தார். முதலீட்டுப் பணம் கோப்டன்-சாண்டர்சனின் மனைவி ஆன் தந்தது. வாக்கர் கொண்டுவந்தது எழுத்துரு பற்றிய அறிவு, அச்செழுத்தைப் பார்த்துப் பழகிய கண். கூட்டு கலைந்தால் அந்த எழுத்துருவில் ஒரு தொகுதி வாக்கருக்கு உரியது என்பது ஆரம்பத்திலேயே பேசி வைத்த ஏற்பாடு. பின்னால் வந்த வழக்குக்கெல்லாம் விதை அந்த ஏற்பாடுதான்.

## வெனிஸ் வடிவமும் மசியின் பிதுக்கமும்

டவ்ஸ் எழுத்து புதிதாகக் கற்பனை செய்ததல்ல. வெனிஸில் 1470 முதல் அச்சிட்ட பிரெஞ்சுக்காரரான நிக்கோலா ஜென்சனின் ரோமன் எழுத்துதான் மூலம். குறிப்பாக அவர் 1476இல் அச்சிட்ட, பண்டைய ரோம எழுத்தாளர் பிளினியின் நூல். அதோடு அதே ஆண்டில் ஜேகபஸ் ரூபியஸ் வெனிஸில் அச்சிட்ட ஃபிளாரன்ஸ் வரலாறு. வாக்கரின் மேற்பார்வையில் பெர்சி டிஃபின் வரைந்தார். எட்வர்ட் பிரின்ஸ் பஞ்சுகளை வெட்டினார். எடின்பரோவின் மில்லர் அண்டு ரிச்சர்ட் வார்ப்பகம் டைப்பை வார்த்தது.

இங்கே ஒரு தொழில்நுட்பச் சிக்கல் வந்து நின்றது. ஜென்சனின் பஞ்சும் டைப்பும் இல்லை. அச்சான பக்கம் மட்டும்தான் இருந்தது. அச்சான எழுத்தும் உலோக எழுத்தும் ஒன்றல்ல. ரப்பர் ஸ்டாம்பை அழுத்திக் குத்தினால் கோடு தடிக்கிறதே, அதேதான்: ஈரப்படுத்திய தாளில் டைப் அழுந்தும்போது மசி முகத்தின் விளிம்பைத் தாண்டிப் பிதுங்குகிறது. கோடு தடிக்கும், உட்கோணம் அடைபடும், முனை உருளும். எழுத்து சிறிதாக இருக்க இருக்க இந்தத் தடிப்பு விகிதத்தில் அதிகமாகத் தெரியும். அச்சான பக்கத்தைப் படம்பிடித்துப் பெரிதாக்கினால் பிதுக்கமும் சேர்ந்து பெரிதாகிறது.

எனவே படத்தை வைத்து வரைபவர் ஒவ்வொரு விளிம்பிலும் முடிவெடுத்தாக வேண்டும்: இது வெட்டியவன் வைத்த கோடா, மசி சேர்த்த கோடா? மாரிஸின் ‘கோல்டன்’ எழுத்தும் ஜென்சன் வழிவந்ததே, அதன் பஞ்சுகளையும் பிரின்ஸ்தான் வெட்டினார். ஆனால் அது தடித்து, கறுத்து நிற்கிறது. மாரிஸ் கறுப்பை விரும்பினார். டவ்ஸில் தடிப்பைக் கழித்தார்கள். கோடு மெலிந்து, முனைகள் தெளிந்தன. ஒரே மூலம், ஒரே பஞ்ச் வெட்டுநர், முடிவு மட்டும் வேறு. எழுத்துரு வடிவமைப்பில் ‘பழையதைப் புதுப்பித்தல்’ என்பது எவ்வளவு தூரம் ஒருவரின் விருப்பம் என்பதற்கு இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பதைவிட நல்ல பாடம் இல்லை. டவ்ஸை அடையாளம் காண ஒரு குறி: சிறிய ‘ஐ’யின் மேற்புள்ளி தண்டுக்கு நேர்மேலே இல்லாமல் வலப்புறம் தள்ளி இருக்கும். அது ஜென்சனிடமிருந்து வந்த பழக்கம்.

## ஒரே அளவு என்றால் என்ன விளைவு

டவ்ஸ் எழுத்து ஒரே அளவில்தான் இருந்தது: பழைய கணக்கில் இரட்டை வரி பிரிவியர், இன்றைய கணக்கில் சுமார் 16 பாயின்ட். சாய்வெழுத்து கிடையாது, தடித்த எழுத்து கிடையாது. இது டைப்பைக் கோர்க்கும் கம்பாசிட்டருக்கு எப்படிப்பட்ட கட்டுப்பாடு என்பதை அச்சுக்கூடம் பார்த்தவர்கள் உடனே உணர்வார்கள்.

தலைப்பைப் பெரிதாக்க முடியாது. அதே அளவின் கேப்பிட்டல் எழுத்துகளை இடம்விட்டுக் கோர்க்கலாம், சிவப்பில் அச்சிடலாம், அவ்வளவுதான். அடிக்குறிப்புக்குச் சிறிய எழுத்து இல்லை. ஆகவே அடிக்குறிப்பு வேண்டாத நூல்களையே அச்சிடுவது வசதி. அழுத்தம் கொடுக்கச் சாய்வு இல்லை. வரி நீளத்துக்குச் சொற்கள் பொருந்தாவிட்டால் சொல்லிடைவெளியில் மட்டும்தான் சரிக்கட்ட முடியும். டவ்ஸ் பக்கங்களில் அந்த இடைவெளி மிகக் குறுகலாக, சீராக இருக்கிறது. சொற்களுக்கிடையே வெள்ளை ஆறு ஓடுவதில்லை. மெதுவாக, ஒவ்வொரு வரியாகத் திரும்பக் கோர்த்தால்தான் அது வரும். கூலிக்குக் கோர்க்கும் கூடத்தில் இதற்கு நேரம் இராது.

படம் இல்லை, பூவேலை இல்லை. வண்ணம் என்றால் பெரும்பாலும் சிவப்பு. பெரிய முதலெழுத்துகளைக் கையெழுத்துக் கலைஞர் எட்வர்ட் ஜான்ஸ்டன் எழுதினார். 1903 முதல் 1905 வரை ஐந்து தொகுதிகளாக, 500 படிகள் வந்த டவ்ஸ் பைபிளின் முதல் பக்கத்தில் அவர் வரைந்த சிவப்பு ‘ஐ’ பக்கத்தின் உயரம் முழுக்க நிமிர்ந்து நிற்கிறது. பக்கத்தில் வேறு அலங்காரம் ஏதும் இல்லாததால்தான் அதற்கு அந்த வலிமை. அந்த நூலைக் கோர்த்தவர் ஜே. எச். மேசன். தாள் கையால் செய்தது, அச்சு கைஅச்சு இயந்திரத்தில், நூற்கட்டு பெரும்பாலும் வளையும் கன்றுத்தோல். 1901இல் வந்த டாசிட்டஸின் ‘அக்ரிகோலா’ தொடங்கி 1916 வரை ஏறத்தாழ 40 நூல்கள் வந்தன.

## தகராறு

கூட்டு 1908 அளவில் முறிந்தது. வாக்கர் தனக்குரிய தொகுதியைக் கேட்டார். கோப்டன்-சாண்டர்சன் தர மறுத்தார். என்றாவது ஒருநாள் அந்த எழுத்து மனிதக் கை இயக்காத இயந்திரத்தில் ஓடும், வியாபார அச்சுக்குப் போகும் என்பது அவர் அச்சம். 1909இல் நண்பர் சிட்னி காக்கரல் ஒரு சமரசம் கண்டார்: கோப்டன்-சாண்டர்சன் உயிரோடு இருக்கும்வரை எழுத்துரு அவருக்கு, அவருக்குப் பிறகு வாக்கருக்கு. வாக்கர் 1851இல் பிறந்தவர், மற்றவர் 1840இல். யார் கைக்கு அது போகும் என்பது வயதுக் கணக்கிலேயே தெரிந்தது.

கோப்டன்-சாண்டர்சன் சமரசத்தில் கையெழுத்திட்டார். 1911இல் தன் எழுத்துருவைத் தேம்ஸ் ஆற்றின் படுகைக்கு உயில் எழுதிவைக்கும் வாசகம் ஒன்றையும் எழுதினார். இதைக் கலைஞனின் பித்து என்று ரசித்துச் சொல்வது வழக்கமாகிவிட்டது. ஒப்பந்தப்படி பார்த்தால், இன்னொருவருக்குப் போய்ச்சேர வேண்டிய சொத்தைத் தெரிந்தே அழிக்கத் திட்டமிட்டார் என்பதுதான் நேர்மையான விவரிப்பு.

## அழித்த வரிசை

‘ஓர் இரவில் எழுத்தைத் தூக்கி எறிந்தார்’ என்று பகிரப்படும் கதை தவறு. இரண்டு கட்டங்கள், இடையே மூன்றாண்டுக்கு மேல்.

1. 1913 மார்ச். பஞ்சுகளையும் மேட்ரிக்ஸ்களையும் ஹேமர்ஸ்மித் பாலத்திலிருந்து எறிந்தார். இதோடு புதிய டைப் வார்க்கும் வழி அடைபட்டது. அச்சகம் மட்டும் நின்றுவிடவில்லை. கேஸில் இருந்த டைப்பை வைத்து மேலும் மூன்றாண்டு நூல்கள் வந்தன.

2. 1916 ஆகஸ்ட் 31 முதல் 1917 ஜனவரி வரை. அச்சகத்தை மூடும் தறுவாயில் டைப்பையும் எறிந்தார். இருட்டிய பிறகு, பொட்டலம் பொட்டலமாக, சுமார் 170 நடை. மொத்த எடை ஒரு டன்னுக்கு மேல். 2,600 பவுண்டு, அதாவது 1,180 கிலோ என்பது வழக்கமாகச் சொல்லப்படும் அளவு. வகுத்துப் பார்த்தால் நடைக்கு 7 கிலோ. 75 வயது கடந்தவர் கோட்டுக்குள் மறைத்து நடந்து போகக்கூடிய சுமைதான்.

மேட்ரிக்ஸ் போன பிறகு டைப்பையும் ஏன் எறிய வேண்டும்? முன்பு சொன்ன சந்து இங்கேதான் இருக்கிறது. மின்பகுப்பு முறையில் டைப்பின் முகத்தின்மேலேயே செம்பைப் படியவைத்து, அந்தச் செப்போட்டைக் கழற்றி, பின்னால் உலோகம் நிரப்பினால் அதுவே ஒரு மேட்ரிக்ஸ் ஆகும். 19ஆம் நூற்றாண்டு வார்ப்பகங்கள் பிறர் எழுத்தை நகலெடுக்க இதைத் தாராளமாகவே செய்தன. தேயாத டைப் எழுத்துக்கு ஒன்று போதும், பஞ்சே இல்லாமல் முழு எழுத்துருவும் திரும்பிவிடும். ஆகவே பஞ்சையும் மேட்ரிக்ஸையும் மட்டும் எறிந்தால் அது பாதி அழிவு. டன் கணக்கில் டைப்பும் போன பிறகுதான் வாக்கர் கைக்கு எதுவும் மிஞ்சவில்லை.

மிஞ்சியது அச்சான பக்கம். அதைப் பார்த்து மறுபடி பஞ்ச் வெட்ட யாருக்கும் தடை இல்லை. ஆனால் 1899இல் ஜென்சன் பக்கத்தை வைத்துச் செய்த முழு வேலையையும், செலவையும், பிதுக்கச் சிக்கலையும் மீண்டும் தொடங்க வேண்டும். கோப்டன்-சாண்டர்சன் 1922இல் இறந்த பிறகு வாக்கர் வழக்குத் தொடுத்தார். ஆன் 700 பவுண்டு கொடுத்து நீதிமன்றத்துக்கு வெளியே முடித்துக்கொண்டார்.

## 150 துண்டுகள் எதைத் தருகின்றன

வடிவமைப்பாளர் ராபர்ட் கிரீன் 2010 முதல் டவ்ஸ் நூல்களின் பக்கங்களை வைத்து எழுத்தை வரைந்து, 2013இல் கணினி எழுத்துருவாக வெளியிட்டார். அதாவது எழுத்துரு முதலில் வந்தது, ஆற்றுத் துண்டுகள் அதற்குப் பின்னால்தான். 2014இல் தண்ணீர் வற்றிய நேரத்தில் பாலத்தருகே கரையில் தேடி மூன்று டைப்களைக் கண்டெடுத்தார். அதன் பிறகே லண்டன் துறைமுக ஆணையத்தின் முக்குளிப்போர் இறங்கினார்கள்.

150 எவ்வளவு என்று ஒரு தோராயக் கணக்கு போடலாம். 16 பாயின்ட் என்றால் டைப்பின் உடல், அதாவது வரியின் மேல்கீழ் அளவு, 5.6 மில்லிமீட்டர்; உயரம் 23.3, சராசரி அகலம் இரண்டரை முதல் மூன்று மில்லிமீட்டர் என்று கொண்டால் டைப் ஒன்று மூன்றரை கிராம் அளவில் நிற்கும். 150 டைப் அரைக் கிலோ. ஆற்றில் போனதில் இரண்டாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை என்று சொல்லிவிடலாம். கேஸில் எந்த எழுத்து அதிகமோ ஆற்றிலும் அதுவே அதிகம். ஆங்கிலத்தில் அரிதாக வரும் கேப்பிட்டல் எழுத்துகள் இந்தக் கையளவுக்குள் அகப்படும் வாய்ப்பு மிகக் குறைவு. எனவே இதை வைத்து மின்பகுப்பில் மேட்ரிக்ஸ் செய்து எழுத்துருவை உலோகத்தில் மீட்கலாம் என்று நினைப்பது நடைமுறையில் எடுபடாது.

எனினும் பக்கம் தர முடியாத இரண்டைத் துண்டு தருகிறது.

1. மசி படாத விளிம்பு. பக்கத்தில் தடித்துத் தெரியும் கோடு உலோகத்தில் எவ்வளவு என்று நேரடியாக அளக்கலாம். வாக்கருக்கு ஜென்சன் விஷயத்தில் கிடைக்காத சான்று இது.

2. உடல் அகலம். எழுத்துக்கு இருபுறமும் எவ்வளவு உலோகம் விடப்பட்டிருந்தது என்பதைப் பக்கத்தில் ஊகிக்கத்தான் முடியும். கையில் டைப் இருந்தால் அது ஓர் அளவு.

கிரீன் அதன்பின் எழுத்துருவைத் திருத்தி 2015இல் மறுபடி வெளியிட்டார். மீட்ட டைப்களில் பாதி, ஹேமர்ஸ்மித் டெரஸ் ஏழாம் எண்ணில் இன்று அருங்காட்சியகமாக இருக்கும் எமரி வாக்கரின் வீட்டுக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது. ஒப்பந்தப்படி அவருக்குச் சேர வேண்டியதில் ஒரு பிடி.

## கணினியில் பயன்படுத்துவோருக்கு

உலோக விளிம்பைத் துல்லியமாக வரைந்த எழுத்துரு ஆஃப்செட்டிலும் திரையிலும் மெலிந்து தெரியும். காரணம் எளிது: அந்தக் கோடு மசி பிதுங்கித் தடிக்கும் என்று எதிர்பார்த்து வெட்டப்பட்டது, ஆஃப்செட்டில் அந்தத் தடிப்பு இல்லை, திரையில் மசியே இல்லை. மறுபுறம், அச்சான பக்கத்தை அப்படியே வரைந்தால், அதைப் பாலிமர் தட்டில் புடைப்பாக்கி லெட்டர்பிரஸ்ஸில் (புடைப்பெழுத்தை அழுத்தும் அச்சு முறை) அடிக்கும்போது பிதுக்கம் இருமுறை சேர்ந்து கறுத்துவிடும். எனவே டவ்ஸ் போன்ற எதை எடுத்தாலும் முதலில் கேட்க வேண்டியது அது எந்த அச்சு முறைக்காக வரையப்பட்டது என்பதைத்தான்.

அளவும் அப்படியே. இது 16 பாயின்டுக்கென்றே வெட்டிய வடிவம். உலோக காலத்தில் 9 பாயின்ட் வேண்டுமென்றால் அதற்குத் தனிப் பஞ்ச் வெட்டுவார்கள். கோட்டைச் சற்றுத் தடிப்பாக்கி, உள்வெளியைத் திறந்து, இடைவெளியைத் தளர்த்துவார்கள். டவ்ஸுக்கு அந்தச் சிறிய பஞ்சுகள் எப்போதுமே வெட்டப்படவில்லை. கணினியில் 9க்குச் சுருக்கினால் கிடைப்பது சுருங்கிய 16 மட்டுமே. அடிக்குறிப்புக்கு வேறு எழுத்துருவை எடுத்துக்கொண்டு, நூலின் முதன்மை உரையின் எழுத்தை 14க்குக் கீழே இறக்காமல், சொல்லிடைவெளியை இறுக்கி, முதலில் இரண்டு பக்கம் தாளில் எடுத்துப் பார்த்துவிட்டு நூலைத் தொடங்குவது நல்லது.